நாரா: அரை நாளில் முடியாத ஊர்

ஜப்பான் பயணத் திட்டங்களில் நாராவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள். காலையில் கியோட்டோவில் ஏறி, பெரிய புத்தரைப் பார்த்து, மானுக்கு நாலு அப்பளத்தை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு, மாலைக்குள் ஒசாகா போய்விடுவார்கள். இந்த அத்தியாயம் அந்தத் திட்டத்துக்கு எதிராக எழுதப்பட்டது. நாராவில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முடியாது என்றால் ஒரு இரவாவது. கூட்டம் முழுவதும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரைதான். அதற்கு முன்னும் பின்னும் அதே கோயில்கள், அதே பாதைகள், பாதி அமைதியில் உங்களுக்குக் கிடைக்கும். அதற்குத் தனிக் கட்டணம் ஏதுமில்லை. உள்ளூரில் ஒரு படுக்கை இருந்தால் போதும்.

710இலிருந்து 784 வரை ஜப்பானின் தலைநகரம் இதுதான். அப்போதைய பெயர் ஹெய்ஜோக்யோ. சீனத்தின் சாங்கான் நகரத்தை மாதிரியாக வைத்து, கட்டம் கட்டமாகத் தெரு போட்டுக் கட்டினார்கள். 784இல் பேரரசர் கன்மு தலைநகரை நாகாவோகாவுக்கு மாற்றினார். பத்து ஆண்டுகளில் அது கியோட்டோவுக்குப் போயிற்று. நாராவின் பெரிய மடங்களுக்கு அரசியலில் இருந்த செல்வாக்கிலிருந்து தப்புவதும் இந்த இடமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது. எப்படியோ, அரசவை போயிற்று, பெரிய கோயில்கள் தங்கிவிட்டன. நாம் இன்று போய்ப் பார்ப்பது அப்படித் தங்கியவற்றைத்தான்.

வந்து சேர்வது

நாராவில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. கிண்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நிலையம் கோயில்களுக்கு அருகில் இருக்கிறது. வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் கோஃபுகுஜி. ஜே.ஆர். நிலையம் அங்கிருந்து கால் மணி நேர நடை. கியோட்டோவிலிருந்து கிண்டெட்சு சிறப்பு விரைவு வண்டியில் சுமார் 35 நிமிடம், அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. சாதாரண விரைவு வண்டியிலும் ஜே.ஆரின் மியாகோஜி வண்டியிலும் முக்கால் மணி நேரம் ஆகும். ஒசாகா நம்பாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கிண்டெட்சுவே வசதி. ஜப்பான் ரயில் பாஸ் வாங்கியிருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அது கிண்டெட்சுவில் செல்லாது. நடக்கும் தூரத்தை எண்ணிப் பார்த்தால், பாஸ் இருந்தும் காசு கொடுத்துக் கிண்டெட்சுவில் வருவது பல நேரம் நியாயமான செலவுதான்.

இக்கோகா, சூய்க்கா போன்ற தொடு அட்டைகள் ரயிலிலும் நகரப் பேருந்திலும் செல்லும். கோயில் நுழைவுச்சீட்டுக்கும் உண்டியலுக்கும் ரொக்கம் வேண்டும். ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் தனியாக ஒரு சிறு பையில் இருக்கட்டும்.

கழற்றி மாட்ட எளிதான செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். சில மண்டபங்களில் கழற்ற வேண்டும், சிலவற்றில் வேண்டாம். பெரிய புத்தர் மண்டபத்தில் எல்லோரும் ஷூவோடுதான் நடப்பார்கள். நம் ஆட்கள் வாசலில் ஒரு கணம் தயங்கி நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. கழற்றச் சொன்ன இடத்தில் மரத்தரை குளிர்காலத்தில் பனிக்கட்டியாக இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை போகிறவர்கள் தடித்த காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனிலும் ஜூலை முற்பாதியிலும் மழை. ஆகஸ்டில் புழுக்கம் சென்னைக்காரரையே சலிக்க வைக்கும். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் ஜப்பானியருக்கே தொடர் விடுமுறை, தவிர்ப்பது நல்லது.

கும்பிடும் முறை

பெயரின் முடிவைப் பார்த்தே எது எந்தக் கோயில் என்று தெரிந்துகொள்ளலாம். 'ஜி', 'தேரா' என்று முடிந்தால் பௌத்தக் கோயில். 'ஜின்ஜா', 'தாய்ஷா', 'ஜிங்கூ' என்றால் ஷிண்டோ ஆலயம். முன்னால் தோரி என்ற இரு கால் வளைவு நின்றால் பெரும்பாலும் ஷிண்டோதான். வேறுபாடு தெரிந்திருக்க வேண்டியது கைதட்டலுக்காக. ஷிண்டோ ஆலயத்தில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மனத்தில் நினைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. கைகூப்பிக் குனிந்தால் போதும். அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோரிக்கு முன் லேசாகத் தலை குனிந்து, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடப்பது மரியாதை. நடு, தெய்வத்தின் வழி. ஆலயத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அகப்பையில் ஒரு முறை மொண்ட தண்ணீரிலேயே இடது கை, வலது கை, பிறகு இடது உள்ளங்கையில் ஊற்றி வாய், மீண்டும் இடது கை என்று கழுவி, கடைசியில் அகப்பையை நிமிர்த்திக் காம்பிலும் தண்ணீர் வழியவிட்டு வைக்க வேண்டும். அகப்பையில் வாய் வைப்பது தவறு. அகப்பையை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டிருக்கும் இடங்களில் கையைக் கழுவினாலே சரி. கோயில் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

தேங்காய், பழம், பூமாலை எதுவும் கொண்டுபோக வேண்டாம். வாங்கி வைக்க ஆள் இல்லை. அர்ச்சனைச் சீட்டோ தீபாராதனைக்கு வரிசையோ கிடையாது. மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் அங்கேயே விற்கும், விலையை உண்டியலில் போட்டுவிட்டு நீங்களே ஏற்றி வைக்கலாம். ஒரு பொருள் மட்டும் வாங்கச் சொல்வேன்: கோஷுயின் ஏடு. ஒவ்வொரு கோயிலிலும் அதில் தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை பதித்துத் தருவார்கள். கட்டணம் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை. முதலில் வழிபாடு, பிறகு முத்திரை என்பதுதான் வரிசை. வேறு குறிப்பேட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள்.

மண்டபங்களுக்குள் படமெடுக்கப் பொதுவாக அனுமதியில்லை. பெரிய புத்தர் மண்டபம் விதிவிலக்கு.

முதல் மதியம்: கோஃபுகுஜி

வந்திறங்கிய நாளின் மதியத்துக்கு இது சரியான அளவு. ஜப்பானில் மிகப் பெரும் அதிகாரம் செலுத்திய ஃபுஜிவாரா குடும்பத்தின் கோயில். சுற்றுச்சுவர் இல்லாததால் பூங்காவுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே கோயிலுக்குள் வந்துவிடுவீர்கள். அந்தச் சுவர் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1868க்கு முன்புவரை கோஃபுகுஜியும் கசுகா ஆலயமும் ஒரே அமைப்பு போலவே இயங்கின. புத்தரும் ஷிண்டோ தெய்வங்களும் கலந்தே வழிபடப்பட்டனர். மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டதும் இங்கிருந்த துறவிகள் கூட்டமாகக் காவியைக் களைந்து கசுகாவின் பூசகர்களானார்கள். கோயில் பாழடைந்தது, சுற்றுச்சுவரும் போயிற்று. ஐந்தடுக்குக் கோபுரத்தையே அற்ப விலைக்கு விற்கப் பார்த்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். 1426இல் கட்டிய அந்த 50 மீட்டர் கோபுரம் இப்போது நீண்டகாலப் பழுதுபார்ப்பில் இருக்கிறது. சாரத்துக்குள் மறைந்திருந்தால் ஏமாற வேண்டாம்.

நீங்கள் வந்தது கருவூல அருங்காட்சியகத்துக்காக. உள்ளே அசுரன் நிற்கிறான். மூன்று முகம், ஆறு கை, மெலிந்த சிறுவனின் உடல், கவலை படிந்த புருவம். 734இல் செய்தது. களிமண் உருவத்தின் மேல் அரக்குப் பாலில் நனைத்த சணல் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுவது இதன் செய்முறை. உள்ளே வெற்றிடம் என்பதால் எடை மிகக் குறைவு. கோயில் பலமுறை எரிந்தும் இந்தச் சிலைகள் பிழைத்ததற்கு, தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததே காரணம் என்பார்கள். அசுரனைச் சுற்றி அவன் கூட்டாளிகள்: கவசம் பூண்ட, பறவை மூக்குள்ள கருடன், கின்னரன், கந்தர்வன். புராணம் கேட்டு வளர்ந்தவருக்கு இவர்கள் எல்லோரும் தெரிந்த பெயர்கள், தெரியாத முகங்கள். ஜப்பானியப் பயணிகள் அசுரன் முன்னால்தான் கூடுவார்கள். நீங்கள் கருடனுக்கு முன்னாலும் கொஞ்சம் நில்லுங்கள்.

மிச்சப் பொழுதுக்குத் தெற்கே நாராமாச்சியின் பழைய வணிகர் தெருக்கள். அங்கே கங்கோஜி கோயிலின் கூரையில் பழுப்பும் சாம்பலுமாகப் பல நிறத்தில் கிடக்கும் ஓடுகளைப் பாருங்கள். கோயில் அசுகாவிலிருந்து இடம் மாறிவந்தபோது கூடவே வந்த ஓடுகளும் அவற்றில் உண்டு. நாரா தலைநகரமாவதற்கு முந்தையவை.

இரண்டாம் நாள்: தோதாய்ஜி

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலை 7.30க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் பெரிய புத்தர் மண்டபம் திறக்கும். திறக்கும்போதே அங்கே இருங்கள். ஒன்பதரைக்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வந்துவிடுவார்கள்.

போகும் வழியில் தெற்குப் பெருவாயிலை ஓடிக் கடந்துவிடாதீர்கள். 1199இல் மீண்டும் எழுப்பப்பட்டது. இருபுறமும் 8.4 மீட்டர் உயர மரக் காவலர்கள் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உன்கெய், காய்கெய் முதலான சிற்பிகள் 1203இல் 69 நாட்களில் முடித்த வேலை. நரம்பும் தசையும் அப்படி. அதே வாயிலின் வடபுறத்தில் சீனக் கல்தச்சர்கள் செதுக்கிய இரண்டு கல் சிங்கங்கள் உண்டு. பின்பக்கம் திரும்பிப் பார்க்கிறவருக்குத்தான் அவை தெரியும்.

மண்டபத்துக்குள் இருப்பவர் வைரோசன புத்தர், சுமார் 15 மீட்டர் உயர வெண்கலம். அம்மைநோயும் பஞ்சமும் கலகமும் நாட்டை உலுக்கிய காலத்தில், 743இல் பேரரசர் ஷோமு இதற்கு ஆணையிட்டார். நீங்கள் பார்க்கும் உடல் ஒரே காலத்தது அல்ல. 855இல் நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180இலும் 1567இலும் போரில் மண்டபம் எரிந்தது. இன்றைய தலை 17ஆம் நூற்றாண்டு. தாமரைப் பீடத்தின் சில இதழ்கள் மட்டும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து தப்பியவை. அவற்றில் நுணுகிச் செதுக்கிய புத்த உலகங்கள் இருக்கின்றன. அவை உயரத்தில் இருப்பதால் கீழே ஓர் இதழின் பிரதியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பாருங்கள். 1709இல் முடிந்த இப்போதைய மண்டபத்தின் அகலம் 57 மீட்டர். முதல் மண்டபம் இதைப்போல ஒன்றரை மடங்கு அகலம். பின்புறம் அதன் மாதிரி வடிவம் இருக்கிறது.

752இல் நடந்த கண் திறப்பு விழாவை முன்னின்று நடத்தியவர் ஓர் இந்தியர். போதிசேனர் என்ற துறவி, 736இல் ஜப்பான் வந்தவர். பேரரசர் நலமில்லாதிருந்ததால் அவருக்குப் பதிலாகத் தூரிகை பிடித்துப் புத்தரின் கண்ணில் மையிட்டார். தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். கண் திறந்த புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு. அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் இருக்கின்றன. மண்டபத்துக்கு வடக்கே உள்ள ஷோசோயின் கருவூலத்தின் பொருள்கள் அவை. ஷோமு இறந்தபின் 756இல் பேரரசி கோம்யோ அவருடைய பொருள்களைப் புத்தருக்குக் காணிக்கையாக்கியதில் தொடங்கிய கருவூலம் அது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், அக்டோபர் கடைசியை ஒட்டி, அதிலிருந்து சில பொருள்களை மட்டும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

வெளியே வந்ததும் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று. புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். உடம்பில் எங்கே வலியோ, அவர் உடம்பில் அங்கே தடவிவிட்டுத் தன் உடம்பில் தடவிக்கொள்வார்கள். முழங்கால் மழமழவென்று தேய்ந்திருப்பதிலிருந்து ஜப்பானியருக்கு என்ன வலி அதிகம் என்று தெரிகிறது.

இங்கிருந்து கிழக்கே மேடேறினால் ஹொக்கேதோ என்ற சின்ன மண்டபம். பயணிகள் குறைவு. உட்கார்ந்து பார்க்க இடம் போட்டிருக்கிறார்கள். நடுவே கண்ணோன், அதாவது அவலோகிதேசுவரர். இருபக்கமும் பிரம்மாவும் இந்திரனும். ஜப்பானில் அவர்களுக்குப் பொன்தென், தாய்ஷாக்குதென் என்று பெயர். நாராவில் ஒரே ஒரு மண்டபத்தில் அரை மணி உட்கார முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மான்கள், கசுகா

ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் ஊரில் திரிகின்றன. கசுகாவின் தெய்வமான தகேமிகசுச்சி வெள்ளை மானேறி வந்தார் என்பது ஐதீகம். அதனால் மான்கள் அவருடைய தூதர்கள். அவற்றுக்கென்று விற்கும் சர்க்கரை இல்லாத அப்பளத்தை மட்டும் கொடுங்கள். தவிட்டிலும் மாவிலும் செய்தது, பத்து அப்பளக் கட்டு 200 யென். ஆட்டம் காட்டாமல் உடனே கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னாலிருந்து கடிக்கும். முடிந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டினால் போய்விடும். பிளாஸ்டிக் பை, வரைபடம், நுழைவுச்சீட்டு எல்லாம் அவற்றுக்குத் தீனிதான். பிளாஸ்டிக் தின்று மான்கள் செத்திருக்கின்றன. கோடையின் தொடக்கத்தில் குட்டியோடு நிற்கும் தாயிடமும், இலையுதிர் காலத்தில் கொம்புள்ள ஆணிடமும் நெருங்காதீர்கள்.

கசுகா தாய்ஷாவுக்குப் பேருந்து உண்டு. ஆனால் முதல் தோரியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும், அரை மணிக்குள் போய்விடலாம். இருபுறமும் பாசி படிந்த கல் விளக்குகள். கல்லும் வெண்கலமுமாக மொத்தம் மூவாயிரம் அளவில் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் நேர்ந்து கொடுத்தவை. எல்லாவற்றையும் ஏற்றுவது பிப்ரவரித் தொடக்கத்தில் செத்சுபுன் நாளிலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் மட்டுமே. அந்த நாட்களில் வர முடியாதவர்களுக்காக ஃபுஜினாமி என்ற இருட்டறையில் விளக்குகளைச் சின்ன அளவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அது கட்டணப் பகுதிக்குள் இருக்கிறது. காசு கொடுத்து உள்ளே போவது வீணில்லை.

ஆலயம் 768இல் நிறுவப்பட்டதாக மரபு. சிவப்பு வண்ணம் நேற்று பூசியதுபோல இருப்பதற்குக் காரணம், இருபது ஆண்டுக்கு ஒருமுறை செப்பனிட்டுப் புதுக்கும் வழக்கம். அறுபதாம் முறை 2016இல் முடிந்தது. பின்னாலிருக்கும் கசுகா மலைக்காட்டில் வேட்டையும் மரம் வெட்டலும் 841இலிருந்தே தடை.

மாலைக்கு மறுபடி தோதாய்ஜியின் மேட்டுக்கே வாருங்கள். நிகட்சுதோ மண்டபத்தின் மேல்தளம் இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. சூரியன் மேற்கே மலைக்குப் பின்னால் இறங்குவதை, பெரிய மண்டபத்தின் கூரைக்கு மேலாகப் பார்க்கலாம். மார்ச் 1 முதல் 14 வரை இங்கேதான் ஷுனியே நடக்கிறது. 752இல் தொடங்கி ஓர் ஆண்டும் விடாமல் நடந்துவரும் சடங்கு. மண்டபமே எரிந்த 1667இலும் நிற்கவில்லை. இரவு ஏழு மணி வாக்கில் பெரிய மூங்கில் பந்தங்களை இந்தத் தளத்தில் சுழற்றிக்கொண்டு ஓடுவார்கள். கீழே பொறி கொட்டும். அது மேலே பட்டால் ஆண்டு முழுக்க நோயில்லை என்று மக்கள் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். எளிதில் பற்றிக்கொள்ளும் மேலாடை வேண்டாம். 12ஆம் தேதிப் பந்தங்கள் மிகப் பெரியவை, கூட்டமும் அப்படியே. முதல் வாரத்தில் ஒரு வேலைநாள் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு நாரா கொஞ்சம் கடினம். காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். 'மீன் இல்லை' என்று சொல்வது போதாது, தாஷியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பௌத்த மடச் சமையலான ஷோஜின் ரியோரி தூய சைவம். முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம். நாராவின் காலையுணவு சாகயு, வறுத்த தேயிலை நீரில் வேகவைத்த அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள ஊறுகாய். வயிற்றுக்கு இதம். ஆனால் சாராய மண்டியில் ஊறவைத்த நாராசுக்கே என்ற ஊறுகாயும் கூட வரும், மதுவைத் தவிர்ப்பவர்கள் கவனிக்கவும். மாலையில் கடைகள் சீக்கிரம் மூடும்; ஏழரைக்கு மேல் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள்: மேற்கா, ஹோர்யூஜியா

இரண்டையும் ஒரே நாளில் அடைக்கலாம். அடைக்காதீர்கள்.

மேற்கு என்றால் நிஷினோக்யோ நிலையம். யாமாதோ சாய்தாய்ஜியில் வண்டி மாற வேண்டும். போகும் வழியில் ரயில் பழைய அரண்மனை வளாகத்தின் குறுக்கே ஓடுவதை ஜன்னலில் பாருங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே யாகுஷிஜி. கிழக்குக் கோபுரம் 730ஐச் சேர்ந்தது. மூன்றடுக்குத்தான், இடையிடையே சிறு கூரைகள் வைத்திருப்பதால் ஆறாகத் தெரியும். மேற்குக் கோபுரம் 1981இல் நிஷியோகா சுனேகசு என்ற தச்சர் எழுப்பியது. இந்த மறுகட்டுமானத்துக்குப் பணம் வந்த வழி சுவையானது. 1968இலிருந்து தலைமைத் துறவி தக்காதா கோயின் நாடெங்கும் போய், பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தைக் கையால் படியெடுத்துச் சிறு காணிக்கையோடு தரும்படி மக்களைக் கேட்டார். பத்து லட்சம் படிகள் சேர்ந்தன. 1976இல் பொன் மண்டபம் எழுந்தது. இன்றும் நீங்கள் உட்கார்ந்து எழுதலாம். எழுத்து தெரிய வேண்டியதில்லை, கீழே தெரியும் அச்சின் மேல் தூரிகையை ஓட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பத்து நிமிட நடையில் தோஷோதாய்ஜி. நிறுவியவர் சீனத் துறவி கஞ்சின். ஐந்து முறை கடலில் தோற்று, கண்பார்வை இழந்து, ஆறாம் முயற்சியில் 753இல் ஜப்பானை அடைந்தவர். ஆயிரங்கைக் கண்ணோனுக்கு இன்று 953 கைகள் மிஞ்சியிருக்கின்றன. கஞ்சினின் சிலையை ஜூன் 6ஐ ஒட்டிய சில நாட்கள் மட்டும் திறப்பார்கள்.

மரக் கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் ஹோர்யூஜிக்கே போங்கள். உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் இங்கேதான். இளவரசர் ஷோதோகு 607இல் நிறுவி, 670இல் எரிந்து, அதன்பின் மீண்டும் கட்டியவை அவை. பொன் மண்டபத்துச் சுவரோவியங்களை அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். 1949 ஜனவரி 26 அன்று தீயில் அவை கருகின. அந்த அதிர்ச்சியில் அடுத்த ஆண்டே கலைச்செல்வப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிழக்கு வளாகத்தின் எண்கோண மண்டபத்தில் உள்ள குசே கண்ணோனை ஏப்ரல் 11 முதல் மே 18 வரையும், அக்டோபர் 22 முதல் நவம்பர் 22 வரையும் மட்டுமே காணலாம். மற்ற நாட்களில் கதவு மூடியிருக்கும், கட்டணம் குறையாது.

ஜே.ஆர். நாராவிலிருந்து ஹோர்யூஜி நிலையம் பன்னிரண்டு நிமிடம், அங்கிருந்து கோயிலுக்கு இருபது நிமிட நடை அல்லது பேருந்து. அதே வண்டித்தடம் ஒசாகாவின் தென்னோஜிக்கு நேராகப் போகிறது. ஆகவே நாராவுக்குத் திரும்பிவர வேண்டியதில்லை. முந்தைய நாளே விடுதி வரவேற்பில் சொல்லி, பெரிய பெட்டியைத் தக்குபின் கூரியரில் அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிட்டு, தோள்பையோடு கிளம்புங்கள்.